அடுப்பு ஒன்று, கணக்கு இரண்டு
புதுக் குடித்தனமும் புதுத் தொழிலும் ஒன்றாகத் தொடங்கும் இளம் தம்பதியருக்கு



ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ ஸஅதின் குடும்பத்துக்கும் பொருளுக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டுப் போனார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று வாங்கிப் பொருள் ஈட்டினார்கள். சில நாட்கள் கழித்து, மேனியில் மஞ்சள் நிற நறுமணப் பொருளின் அடையாளத்தோடு வந்த அவர்களைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணம் முடித்ததாகவும், பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம் மஹர் கொடுத்ததாகவும் அவர்கள் பதில் சொன்னார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

சிறு உணவு வியாபாரம், திருமணம், மஹர், விருந்து என்று நான்கும் இந்த ஒரே செய்தியில் இருக்கின்றன. மஹர் எவ்வளவு என்று கேட்டதும் எடையோடு பதில் வந்ததைக் கவனியுங்கள். கொடுத்தது எவ்வளவு, அது யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. நம் பிள்ளைகள் குடித்தனத்தையும் தொழிலையும் சேர்த்துத் தொடங்கும்போது தவறவிடுவது இந்தத் தெளிவைத்தான். அதை விளக்கவே இக்கட்டுரை.

இளவேனிலின் வரவு

ஷவ்வாலில் நிக்காஹ் முடித்த பல இளைஞர்கள் இப்போது வெளிநாடு திரும்பாமல் ஊரிலேயே பிழைக்கப் பார்க்கிறார்கள். வீட்டுச் சமையலையே தொழிலாக்குவது கைக்கு எட்டிய வழியாகத் தெரிகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் அதற்கு ஏற்றவை. மாங்காய் மலிந்து கிடக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் பதநீர் இறக்கிப் புதுக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். வெயில் நன்றாக அடிப்பதால் வற்றலும் வடகமும் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதலுக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. நம் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்துக்கு விலை உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

சுபுஹு தொழுதுவிட்டு மனைவி மாவு பிசைய, கணவர் இடியாப்பம் பிழிந்து, ஏழு மணிக்குள் வாடிக்கை வீடுகளுக்கு வண்டியில் கொண்டு கொடுத்து வருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. பகலில் இருவரும் சேர்ந்து மாங்காய் நறுக்கி உப்பில் போடுகிறார்கள். ஒருவர் மற்றவருடைய உழைப்பைக் கண்ணால் பார்க்கிறார். வெளிநாட்டில் ஒருவரும் ஊரில் ஒருவருமாகக் கழியும் குடித்தனத்தில் இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

ஆனால் நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பப் பிணக்குகளில் சில, இதே அடுப்படியில் தொடங்கியவைதாம். அண்மையில் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவியின் எட்டு சவரன் நகையை விற்றுத் தொழிலில் போட்டிருந்தார்கள். மூன்று வருடம் கழித்துத் தொழில் படுத்துவிட்டது. "அவ விருப்பப்பட்டுத்தான் குடுத்தா" என்றார் கணவர். "கடனாத்தானே கேட்டீங்க" என்றார் மனைவி. "புள்ளைக்குப் பங்கு இருக்குன்னுதான் நினைச்சோம்" என்றார் பெண்ணின் வாப்பா. மூவரும் பொய் சொல்லவில்லை. கொடுத்த நாளில் எதுவும் பேசிக்கொள்ளாததால், மூவர் மனதிலும் மூன்று விதமாகப் பதிந்திருந்தது.

முதல் யாருடையது?

மஹர் மனைவிக்கு உரிய சொத்து. அவளாக மனமுவந்து அதில் எதையேனும் விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்பது திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், நான்காம் வசனத்தின் கருத்து. பெற்றோர் அவளுக்கென்று போட்ட நகையும் அவளுடையதே. அதைத் தொழிலில் போடுவது தவறல்ல. எந்த வகையில் போடுகிறோம் என்று முடிவு செய்யாமல் போடுவதுதான் தவறு. வகைகள் நான்கு.

முதலாவது, அன்பளிப்பு. மனைவி மனமுவந்து கொடுத்துவிட்டால் அது கணவருடையது. வற்புறுத்தியோ, மாமியார் வீட்டின் முகத்துக்கு அஞ்சியோ கொடுத்தது மனமுவந்து கொடுத்ததாகாது.

இரண்டாவது, கடன். தொழிலில் லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் திருப்பித் தர வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. நகையையே கடனாகக் கொடுத்தால் அதே எடைத் தங்கம் திரும்பி வர வேண்டும். மனைவி தன் நகையை விற்று அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தால், கடன் அந்த ரூபாய்தான். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் இந்நாளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. எந்தக் கணக்கு என்பதைக் கொடுக்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, முளாரபா. ஒருவருடைய பணம், மற்றவருடைய உழைப்பு. லாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைத்தவர் பொறுப்பில்லாமல் நடந்து நட்டப்படுத்தியிருந்தால் மட்டுமே அவர் ஈடு செய்ய வேண்டும். கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன் ஷாமுக்குக் கொண்டுசென்று வியாபாரம் செய்த வரலாறு நாம் அறிந்ததே. முதல் பெண்ணுடையதாகவும் உழைப்பு ஆணுடையதாகவும் இருப்பது நம் மார்க்கத்தில் புதிதல்ல.

நான்காவது, முஷாரகா. இருவரும் பணம் போட்டு இருவரும் உழைப்பது. நட்டம் முதலின் விகிதப்படி இருவரையும் சேரும். லாபத்தைப் பொறுத்தவரை, பேசிக்கொண்ட விகிதத்தில் பிரிக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹப். லாபமும் முதலின் விகிதப்படியே இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "புருசன் பொஞ்சாதிக்குள்ள பத்திரமா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியே அது பேசுகிறது. சிறிய தொகையானாலும் எழுதச் சோம்பல் படாதீர்கள் என்ற கருத்தும் அதிலேயே வருகிறது. கணவன் மனைவிக்கு அதில் விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நிக்காஹ் நடக்கும்போது மஹரை தஃப்தரில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறோம். அதனால் மணமக்களின் அன்பு குறைந்துவிடவில்லையே!

வீட்டுச் செலவு யார் பொறுப்பு?

மனைவி சம்பாதிக்கத் தொடங்கியதும் அரிசி, பால், வாடகை, மருந்து எல்லாவற்றையும் அவள் வருமானத்தில் தள்ளிவிடும் பழக்கம் மெல்ல நுழைகிறது. உணவு, உடை, உறைவிடம் ஆகிய நஃபகா கணவனின் கடமை. மனைவி சம்பாதிப்பதால் அந்தக் கடமை நீங்குவதில்லை. ஆணுக்கு அவன் சம்பாத்தியத்தில் பங்கு, பெண்ணுக்கு அவள் சம்பாத்தியத்தில் பங்கு என்பது நான்காம் அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் தரும் கருத்து.

அப்படியானால் மனைவி வீட்டுக்குக் கொடுக்கவே கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பராமரிப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பினார்கள். உறவைப் பேணிய நன்மையும் தர்மம் செய்த நன்மையுமாக இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். மனைவி கொடுப்பது தர்மம் என்றால், அது கடமையல்ல என்பது தானே விளங்கும். தர்மத்தை வாங்கிக்கொள்ளும் கணவர், அதற்குரிய மதிப்போடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். தொழிலிலிருந்து மாதம் இவ்வளவு தொகை இருவருக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் தம் கூலியிலிருந்து வீட்டை நடத்தட்டும். மனைவியின் கூலி அவர் கைக்கோ அவர் வங்கிக் கணக்குக்கோ போகட்டும். இன்று வாடிக்கையாளர் எல்லாரும் கைப்பேசியில்தான் பணம் அனுப்புகிறார்கள். ஒட்டிவைத்திருக்கும் கியூஆர் அட்டை கணவர் பெயரில் மட்டும் இருந்தால், மொத்த வரவும் அவருடைய சொந்தக் கணக்கில் கலந்துவிடும். தொழிலுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, அந்த அட்டையை ஒட்டுங்கள்.

விலை வைக்கும் முறை

தொழில் படுப்பதற்குப் பெரும்பாலும் ருசி காரணமல்ல, விலைதான் காரணம். மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பத்துக் கிலோ மாங்காய் 400 ரூபாய். நல்லெண்ணெய் மூன்று லிட்டர் 1,200. மிளகாய்த்தூள் ஒரு கிலோ 350. உப்பு 30. கடுகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் 170. ஆக 2,150 ரூபாய். கொட்டை நீக்கி, எண்ணெய் மசாலா சேர்த்தால் 300 கிராம் பாட்டில் நாற்பது தேறும். பாட்டிலுக்கு 54 ரூபாய்தான் ஆகிறது, 80-க்கு விற்றால் 26 ரூபாய் லாபம் என்று தோன்றும்.

இப்போது விட்டுப்போனதைச் சேர்ப்போம். பாட்டில் நாற்பதுக்கு 600, லேபிள் 80, கேஸ் 70, பெட்ரோல் 150. கையை விட்டுப் போன பணம் 3,050 ரூபாய் ஆகிவிட்டது. உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது என்று மூன்று பாட்டிலைக் கழித்தால் விற்பது 37. எண்பது ரூபாய்க்கு விற்றால் வருவது 2,960. லாபம் என்று நினைத்த இடத்தில் 90 ரூபாய் நட்டம்! இருவரும் ஐந்தைந்து மணி நேரம் உழைத்ததற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

120 ரூபாய் வைத்தால் 4,440 வரும். செலவு போக 1,390. மணிக்கு 60 ரூபாய் வீதம் பத்து மணி நேரக் கூலி 600-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 790. இந்த 790-தான் லாபம். பேசிய விகிதத்தில் பிரிக்க வேண்டியதும் இதைத்தான். கூலியைக் கணக்கில் எழுதாத வீட்டில், மனைவியின் உழைப்புக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. நாத்தனாரோ மாமியாரோ தினமும் வந்து நறுக்கிக் கொடுத்தால், அது உதவியா கூலியா என்பதையும் பேசிவிடுங்கள். நாலு நாள் உதவி உதவிதான். நாலு மாத உதவி பின்னால் மனக்குறையாகிவிடும்.

வீட்டுக்கு எடுக்கும் பாட்டிலையும் நோட்டில் எழுதுங்கள். "மாசம் பொறந்ததும் தாரேன்" என்று சொல்லி வாங்கும் சொந்தக்காரர் பெயரையும் எழுதுங்கள். இனாமாகக் கொடுப்பதானால் மனதார இனாமாகக் கொடுங்கள். கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்க வேண்டாம்.

இன்னொன்று, மாங்காய்ப் பருவம் மூன்று நான்கு மாதம்தான். வைகாசியில் வந்த பணத்தைப் பார்த்து ஆனியில் புது வண்டிக்குத் தவணை கட்டத் தொடங்கினால், ஐப்பசி மழையில் அந்தத் தவணை வட்டியோடு கழுத்தை நெரிக்கும். இடியாப்பம் போன்ற தினசரி வியாபாரம் வீட்டை ஓட்டட்டும். பருவ வியாபாரத்தின் லாபத்தில் ஒரு பகுதி அடுத்த பங்குனியின் முதலாக இருக்கட்டும். அதைச் செய்துவிட்டால் மறுபடி நகையில் கை வைக்கத் தேவை வராது.

பதிவும் சட்டமும்

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும் இதைச் சொல்கின்றன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு வியாபாரிகளுக்கு உரிமம் இல்லாமல் எளிய பதிவே போதும் என்றும், அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் அந்த விதிகள் வகுத்தன. இணையத்தில் ஃபாஸ்கோஸ் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, முகவரி, சைவத்துக்குரிய பச்சைப் புள்ளி ஆகியவையும் லேபிளில் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணை வைத்துச் செய்யும் இந்தப் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளமல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். மனைவி பெரும்பங்கு முதல் போட்டு முன்நின்று நடத்தும் தொழில் என்றால், இந்தப் பதிவுகள் அவர் பெயரில் இருப்பதே முறை.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் உண்டு. மானிய விலைப் பொருளை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம், நம்பிக்கை மோசடியும்கூட. ஹலாலான வருமானம் என்பது பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றியது மட்டுமல்ல, அடுப்புக்கு அடியில் இருப்பதைப் பற்றியதும்தான்.

மேலே காய்ந்தது, அடியில் ஈரம்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

உணவு வியாபாரத்தில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. நேற்று மிஞ்சிய இடியாப்பத்தை இன்றைய மேல் தட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் தேங்காய்ப்பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், காலையில் பிழிந்ததை மாலைக்கு அனுப்பாதீர்கள். ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வெயிலில் ஈரம் போகக் காயவைத்து நிரப்புங்கள். ஈரக் கரண்டி படக் கூடாது, எண்ணெய் மேலே மிதக்க வேண்டும். நல்லெண்ணெய் என்று லேபிளில் போட்டுவிட்டுப் பாமாயில் ஊற்றக் கூடாது. விலை கட்டாவிட்டால் பாமாயில் என்றே எழுதி விற்கலாம். வாங்குபவருக்குத் தெரிந்து வாங்கினால் குற்றமில்லை.

வருடம் முடியும்போது ஜகாத்தையும் மறந்துவிட வேண்டாம். விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை அன்றைய விற்பனை விலையில் மதிப்பிட்டு, கையிருப்புப் பணத்தையும் சேர்த்து, நிஸாபை எட்டி வருடமும் பூர்த்தியானால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கிரைண்டர், பாத்திரம், வண்டி போன்ற கருவிகளுக்கு ஜகாத் இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிச் சொத்து இருப்பதால், யார் மீது எவ்வளவு கடமை என்பதை அறியவும் தெளிவான கணக்கு வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது

நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: யார் எவ்வளவு முதல் போட்டார், நகையாகவா பணமாகவா, நால்வகையில் எந்த வகை, கூலி எவ்வளவு, லாபம் எந்த விகிதம், தொழிலை நிறுத்த நேர்ந்தால் சாமான்கள் யாருக்கு. கணவன், மனைவி, இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு சாட்சி என்று நால்வர் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து தினவரவு, செலவு. மாதக் கடைசியில் ஒருநாள் இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

நம் அறக்கட்டளையில் வட்டியில்லாத அழகிய கடன் கேட்டு வரும் தம்பதியர் இனி அந்த நோட்டின் முதல் பக்கத்தையும் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். இருவரும் சேர்ந்தே வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம். முதல் பக்கம் ஏற்கெனவே எழுதாமல் தொழில் தொடங்கிவிட்டவர்கள் இன்றும் எழுதலாம். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் எளிது. பிணக்கு வந்தபின் எங்கள் முன் உட்கார்ந்து எழுதுவது மிகக் கடினம்.

நம் பிள்ளைகளின் அடுப்பிலும் நோட்டிலும் அல்லாஹ் பரக்கத்தை இறக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

— செயலாளர்